மூன்று கிலோ லேப்டாப்

கீழக்கரையிலிருந்து பாம்பன் பாலம் வரைக்கும் கடலோரமாக வாழும் மக்களில் லேப்டாப்பை முழுதாகப் புரிந்துகொண்டவன் ஒருவன்தான், அது இஃப்திகார். இதை வேறு யாரும் எடுத்துச் சொல்லாததால் அந்தப் பொறுப்பையும் அவனே ஏற்றுக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. நான்கு அரியர். பாடத்திட்டம் தன்னைவிடப் பத்து வருடம் பின்தங்கிக் கிடப்பதற்கு அந்த நான்கும் சான்று என்பது அவனுடைய கருத்து.

அவன் கொள்கை சுருக்கமானது: கனமில்லாத பொருள் பொருளே இல்லை. இது அவன் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, ரத்தத்தில் வந்தது. வாப்பா சலாஹுதீன் இருபத்திரண்டு வருடமாகத் துபாயில் இருக்கிறார். ஊருக்கு வரும்போது விமானத்தில் முப்பது கிலோ கொண்டுவரலாம் என்றால் அவர் பெட்டி முப்பது கிலோ இருக்கும். இருபத்தொன்பதே முக்கால் காட்டினால் கால் கிலோவை விமானக் கம்பெனிக்குத் தானம் செய்ததாக அர்த்தம். உடனே கடைக்கு ஓடி இரண்டு சோப்பு வாங்கி இடுக்கில் செருகிவிடுவார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். கனம் குறைந்தால் நட்டம் என்பது அங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்துவிட்டு, "லேசா, மெலிசா ஒரு லேப்டாப் பாத்துக் குடு தம்பி" என்று லாமியா கேட்டால் அவன் என்ன செய்வான்?

லாமியா அவன் அக்கா, அவன் பேச்சில் லாத்தா. இருபத்தேழு வயது. மூன்று வருடத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. பேசி முடித்திருந்த கல்யாணமும் அதே மாதம் நின்றுபோனது. வாரத்தில் மூன்று நாள் உம்மா குல்சும் அவளை பஸ்ஸில் இராமநாதபுரம் கூட்டிப்போவாள். நாலு மணி நேரம் டயாலிசிஸ். மற்ற நாட்களில் லாமியா வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு சரக்குக் கம்பெனிக்குப் பில் தட்டுவாள். அந்தச் சம்பளத்தில்தான் ஊசி, மருந்து, பஸ் எல்லாம். வாப்பாவிடம் கை நீட்டாமல் இருப்பது அவளுக்கு மருந்தைவிட முக்கியம்.

இப்போது கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யட்டும், ஆனால் வாரத்தில் ஆறு நாளும் செய்ய வேண்டும். இரண்டு மாதம் பார்ப்பார்கள். முடியாவிட்டால் வேறு ஆள். ஆகவே டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி மடியில் வைத்துக்கொள்ள ஒரு லேப்டாப். அவள் கையில் நாற்பத்தைந்தாயிரம் இருந்தது.

இதெல்லாம் இஃப்திகாருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டயாலிசிஸ் என்பது உம்மாவும் லாத்தாவும் அடிக்கடி போய்விட்டு வருகிற ஏதோ ஓர் ஊர் என்பதுபோலத்தான் அவனுக்கு இருந்தது. அவன் அங்கே போனதில்லை.

இராமநாதபுரம் கடையில் லாமியா ஒரு காரியம் செய்தாள். வரிசையாக இருந்த லேப்டாப்புகளை வலது கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றாள். கடைக்காரர் ரேம், பிராசசர் என்று ஒப்பிக்க, அவள் ஒன்றையே கேட்டாள்.

"இது எவ்வளவு கனம்ணே?"

இஃப்திகாருக்கு மானம் போய்விட்டது. "லாத்தா, நாம என்ன சீலா மீனா வாங்க வந்துருக்கோம்? தூக்கிப் பாக்குறா பாரு! செவுளையும் பிரிச்சுப் பாத்துரு. எங் கூட்டாளி எவனாச்சும் பாத்தா நான் காலேசுப் பக்கம் தலைகாட்ட ஏலாது."

"இது ஒண்ணே கால் கிலோதானாம் தம்பி. ஒம்பது மணி நேரம் சார்ஜ் நிக்குமாம்."

"அது லேப்டாப் இல்ல லாத்தா, அப்பளம். எட்டு ஜிபி ரேம வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா? அந்தா இருக்கு பாரு, பதினாறு ஜிபி. கிராபிக்ஸ் கார்டு. வெலை ரெண்டும் ஒண்ணு. அதே காசுக்கு ரெண்டு மடங்கு கனம். வேணாங்குறவன் யாராச்சும் உண்டா?"

"தம்பி வெவரமான ஆளு" என்றார் கடைக்காரர். பழைய மாடல், ஆறு மாதமாக அலமாரியை விட்டு அசையாமல் இருந்தது.

லாமியா அந்த மெல்லியதைக் கீழே வைத்தாள். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது, நிற்க முடியவில்லை. "நீ சொன்னாச் சரிதான்" என்றாள்.

இரண்டு கிலோ நானூறு. சார்ஜர் தனியே அறுநூறு. சரியாக மூன்று. வாப்பா கேட்டால் மகிழ்வார் என்று இஃப்திகார் நினைத்தான். தான் பேரம் முடித்த கதையை ஒரு வாரத்துக்கு டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏழு வாரம் கழித்து உம்மாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் போனது. "வயசாயிட்டுது உம்மாவுக்கு" என்று இஃப்திகார் முடிவு சொன்னான். அன்றைக்கு லாமியாவுடன் அவன் போக வேண்டியதாயிற்று.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையை அவன்தான் தோளில் மாட்டியிருந்தான். திருப்புல்லாணி விலக்கு வருவதற்குள் இரண்டு தரம் தோள் மாற்றிவிட்டான்.

"உம்மாவா இத்தன நாளா இதச் சொமந்துச்சு?"

"நான் தூக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காகள்ல. ஊசி போடுற கை."

அவன் சன்னல் பக்கம் பார்த்தான்.

அந்த அறையில் எட்டுக் கட்டில், எட்டு இயந்திரம். கோகிலா என்ற நர்சு லாமியாவின் இடது கையில் இரண்டு ஊசிகளைச் செருகிக் குழாயில் பிணைத்தாள். ஒவ்வொன்றும் சாக்குத் தைக்கிற ஊசிபோல இருந்தது. அவன் சுவர்க் காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டான். "கை அசையக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கோகிலா அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

லாமியாவின் மடியில் இஃப்திகார் லேப்டாப்பை வைத்தான். தலைமாடு உயர்ந்த கட்டில். லேப்டாப் முழங்காலை நோக்கி வழுக்கியது. அக்காவின் தொடை அவன் முன்னங்கை அளவுக்குத்தான் இருந்தது என்பதை அன்றுதான் கவனித்தான். தலையணையை அணை கொடுத்தான். திரும்பவும் வழுக்கியது.

"உம்மா எப்படிச் செய்யும்?"

"ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிக்கும். நாப்பது நிமிசம் நிக்கும். பொறவு கை நடுங்கிரும். மூடி வச்சிருவோம்."

"நாலு மணி நேரத்துல நாப்பது நிமிசந்தானா?"

"ம்."

"ஏன் லாத்தா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ சங்கடப்படுவ. ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தியே."

இஃப்திகார் லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் குனிந்து நின்றான். லாமியா ஒற்றைக் கையால் தட்டினாள். பத்தாவது நிமிடம் முழங்கை வலித்தது. இருபதாவது நிமிடம் முதுகு. பக்கவாட்டுத் துளையிலிருந்து அனல் காற்று நேராக அவள் வயிற்றில் அடித்தது. கிராபிக்ஸ் கார்டு உள்ள இயந்திரங்களுக்கே உரிய சிறப்பு அது. அவனே பலருக்கு விளக்கியிருக்கிறான்.

பக்கத்துக் கட்டிலில் உப்பூர்க்காரர் வேல்சாமி படுத்திருந்தார். அறுபது வயது, ஐந்து வருடமாக இங்கே வருகிறவர்.

"ஏப்பா, ஒனக்கு மேசை வேலை கெடச்சிருச்சா?"

"ஆமாண்ணே."

"சம்பளம் எம்புட்டு?"

இஃப்திகார் லேப்டாப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். லாமியாவின் விரல் விசைப்பலகையில் நின்றது. சிரிக்கப் பார்த்து, சிரிக்காமல் விட்டாள்.

"ஒங்க அம்மா நல்லா நிப்பாக" என்றார் வேல்சாமி. "நான் ஏசுவேன், உக்காரு ஆத்தான்னு. கேக்காது."

ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் திரை அணைந்தது. லாமியா தடுப்பதற்குள் அவன் சார்ஜரை எடுத்துக்கொண்டு சுவரோரம் பிளக் தேடினான்.

"அங்கன மாட்டாதீங்க தம்பி" என்று கோகிலா ஓடிவந்தாள். "மெஷின் ஓடுற லைன் அது. அம்மாகிட்ட மொதல் நாளே சொல்லிட்டேனே."

மிச்ச இரண்டு மணி நேரமும் லாமியா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் மடியில் அணைந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கை இரண்டிலும் அதன் விளிம்பு பதிந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே மறைத்துக்கொண்டான்.

கிளம்பும் நேரத்தில் அவள் போனில் மெயில் வந்தது. படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு போனை அவனிடம் நீட்டினாள். உங்கள் உடல்நிலை எங்களுக்குப் புரிகிறது என்று தொடங்கி, இந்த மாதத்தோடு என்று முடிந்திருந்தது. நடுவில் இரண்டு தரம் நன்றி சொல்லியிருந்தார்கள்.

"லாத்தா..."

"விடு. நல்ல லேப்டாப்புதான் தம்பி. வீட்டுல வச்சா நல்லாத்தான் ஓடுது."

அவன் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான். திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவன் நின்றுகொண்டே வந்தான். கீழக்கரை வரைக்கும் தோள் மாற்றவில்லை.

வீட்டில் உம்மாவின் தோளுக்கு யாரும் கேட்காமலே தைலம் தேய்த்தான். "மெல்லடா, வலிக்குது" என்றாள் உம்மா. "மெஷினு நல்லா ஓடுச்சா?" "ஓடுச்சும்மா" என்றான்.

பத்து நாள் போனது. லாமியா வேறு இரண்டு இடங்களுக்கு எழுதிப்போட்டாள். ஒரு இடத்திலிருந்து கேட்டிருந்தார்கள்: வாரம் ஆறு நாளும் வேலை பார்க்க முடியுமா? முடியும் என்று எழுதிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் பதில் வரவில்லை. வரும் என்றும் சொல்வதற்கில்லை.

இஃப்திகார் தன் பைக்கை விற்றான். கூட்டாளிகளிடம் மைலேஜ் சரியில்லை என்றான். மூன்று கிலோவைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினான்.

"வாங்க தம்பி" என்றார் கடைக்காரர். கொண்டுவந்ததைப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். "இப்ப என்ன பாக்குறீங்க? பதினாறு ஜிபில புதுசு ஒண்ணு வந்துருக்கு, பிராசசர் வந்து..."

"அதெ விடுங்கண்ணே."

கடையில் வேறு நான்கைந்து பேர் இருந்தார்கள். அதில் இருவர் அவன் கல்லூரிப் பையன்கள். அவன் இடது கையை விலாவோடு ஒட்டி அசையாமல் வைத்துக்கொண்டான். வலது கையால் முதல் லேப்டாப்பைத் தூக்கினான். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றான். கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினான்.