கணக்கில் ஏறிய கை

தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிக்க ஆதரவாகத் தூக்கிய வலது கை, துறைமுகத் தொகுதி உறுப்பினருக்கு அதன்பிறகு கீழே இறங்கவில்லை. அவை கலைந்தது, விளக்குகளை அணைத்தார்கள், அவர் கையைத் தூக்கியபடியே படியிறங்கி வந்தார். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

யாரையும் விசாரணையின்றி அடைத்துவைக்க அமைச்சரவைக்கு அதிகாரம் தந்த சட்டம் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்திடம் வந்து அனுமதி கேட்டாக வேண்டும் என்பதுதான் அதற்குப் போட்டிருந்த ஒரே கடிவாளம். அவை மறுத்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியே. உறுப்பினரின் அக்கா மகன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், வேலைநிறுத்தக் கூட்டத்தில் பேசியதற்காக உள்ளே இருந்தான். அக்கா தையல்காரி, மெஷின் மிதித்தே தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். வாக்கெடுப்புக்கு முதல் நாள் தம்பியின் சட்டைக்குப் பட்டன் வைத்தபடி சொன்னாள்: "நீ பேசக்கூட வேண்டாம்டா. கையத் தூக்காம சும்மா உக்காந்திரு. என் புள்ள வந்துருவான்."

"இதுகூடச் செய்ய மாட்டேனாக்கா?" என்றார் அவர்.

மறுநாள் காலை துணை அமைச்சர் பதவி என்று ஆசை காட்டினார்கள். தீர்மானம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. பார்வையாளர் மாடத்திலிருந்து அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பச்சைத் துரோகம், அவ்வளவுதான்.

பதவியும் வரவில்லை. ஏற்கெனவே உயர்ந்து நிற்கிற கைக்கு எந்தப் பிரதமர் பதவி கொடுப்பார்? அடுத்த முறை தீர்மானம் வந்தபோது "எதிர்க்கிறேன்" என்று தொண்டை கிழியக் கத்தினார். சபாநாயகர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, வாய் சொன்னது குறிப்பில் ஏறும், கை சொன்னது கணக்கில் ஏறும் என்று தீர்ப்பளித்தார். வீட்டில் ஒளிந்துகொண்டால் கட்சிக் கொறடா ஆள் அனுப்பி அழைத்துவந்தார். வரிக்கும் போருக்கும் கணக்குத் தணிக்கைக் குழுவைக் கலைப்பதற்கும் அந்தக் கை ஆதரவாகவே எண்ணப்பட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்; சில வருடங்களில் அவர்களிலும் பலருக்குக் கை இறங்காமல் போயிற்று. தூக்கிய கைகள் இடிக்காதபடி அவையின் வாசல்களை உயர்த்திக் கட்டினார்கள். கேள்வி நேரத்தை எடுத்தேவிட்டார்கள், பதில் சொல்லும் தொல்லை அமைச்சர்களுக்கு மிச்சம்.

கைகள் இப்படி மலிந்தபின் இவர் எதற்கு? அடுத்த தேர்தலில் கட்சி வேறொருவரை நிறுத்தியது. அரசு வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் திட்டவில்லை, அழவுமில்லை. "மொட்ட மாடிக்குப் போ. வெயில் படுற எடமா பாத்து நில்லு," என்றாள்.

அன்றுதான் சிறையிலிருந்து மகனின் அழுக்குத் துணி வந்திருந்தது. துவைத்துப் பிழிந்து, சட்டையை இரண்டு முறை உதறி, தம்பியின் கையில் மாட்டினாள். ஈரம் அவருடைய அக்குள்வரை வழிந்தது. அவர் நகரவில்லை. சட்டம் இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படுகிறது, வாரா வாரம் துணியும் வருகிறது. காய்ந்ததும் அக்கா அதை எடுத்து, இஸ்திரி போட்டு, மகனுக்கு அனுப்பிவைக்கிறாள்.