வெயிலுக்குப் பூசியது

பகல் தப்புப் பறை அடித்து ஓய்ந்தது. தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பெண்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வள்ளியம்மை கூடையை வாசலில் கவிழ்த்தாள். உள்ளே போய்க் கூரை இடுக்கிலிருந்து சிரட்டையை எடுத்தாள்.

காலையில் குழைத்த மை அதில் காய்ந்திருந்தது. நல்லெண்ணெய் விட்டாள். விளக்குக் கரியும் சலித்த செம்மண்ணும் போட்டு விரலால் குழைத்தாள். புறங்கையில் தடவி வெளிச்சத்தில் பார்த்தாள். கறுப்பு கூடுதல். இன்னும் கொஞ்சம் மண் சேர்த்தாள். ரெங்கசாமியின் நிறம் வந்தது.

மதியச் சோற்றுக்குப் பிறகு பெரட்டு, ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் கூட்டம். அதற்கு டாக்டர் வருகிறார். ஆண்கள் எல்லோரும் மேலுக்குத் துணியில்லாமல் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். நேற்றுச் சாயங்காலமே கங்காணி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ரெங்கசாமி அவள் புருஷன். தோட்டத்துத் தபால்காரன். விடிந்ததும் தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே பசறைக் கடைத்தெருவுக்கு ஓடுவான். வெள்ளைக்காரத் துரையின் கடிதங்களையும் ரொட்டியையும் வாங்கிக்கொண்டு உச்சி வெயிலில் மேலே ஓடி வருவான். பாதி வழிக்கு மேல் பத்தனை. வெறும் புல். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆடி மாதத்தில் கச்சான் காற்று அந்தப் புல்லையும் காயவைத்திருந்தது. நடந்து வா என்று அவள் சொன்னதுண்டு. நடந்தால் வெயில் ஜெயித்துவிடும் என்பான்.

தைப்பூசம் கழிந்த சமயத்தில் அவன் இடது தோளில் அந்த இடம் வெளுத்தது. வெற்றிலை அளவு. பையின் வார் அதன் மேல்தான் கிடக்கும். ஓடிவிட்டு வந்தால் அந்த இடம் சிவந்திருந்தது. தொட்டால் துள்ளினான். வெயில்தான் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். அவள் மை குழைத்தாள். தோளில் மட்டும் பூசினால் கேள்வி வரும். கழுத்து, இரண்டு தோள், இரண்டு கை எல்லாம் பூசினாள். எரிச்சல் குறைந்தது. வெளுத்த இடமும் மறைந்தது. எரிச்சல் குறைந்ததைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

லயத்தில் கேட்டவர்களிடம், "வெயிலுக்கு" என்றாள்.

அடுத்த காம்பராவில் குடியிருந்த இராக்கம்மா, தண்ணீர் பிடிக்கும் பீலியில் வைத்துச் சிரித்தாள்.

"துரைசாணி மூஞ்சியில வெள்ளையா அப்பிக்கிட்டுப் பந்தடிக்குது. ஒங்க வீட்டுக்காரரு கறுப்பா அப்பிக்கிட்டு ஓடுறாரு. ரெண்டு பேரையும் சேத்து ஓட விட்டா என்னடி?"

"விடு. எங்க மாமாதான் முந்தும்."

"முந்துனா துரைசாணிக்கும் ஒரு செரட்டை கொழைச்சுக் குடு. பாவம், வெள்ளையா பூசியும் வேகுது."

மண்வெட்டி ஆட்கள் இரண்டு பேர் தங்களுக்கும் மை கேட்டார்கள். கொடுத்தாள். நிறையப் பேர் பூசினால் யாரும் ஒருவனை உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

வைகாசியில் இராமையாவைக் கொண்டுபோனார்கள்.

அவன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். முன்கையில் அவனுக்கும் ஓர் இடம் வெளுத்திருந்தது. பெரட்டுக்களத்தில் டாக்டர் அவன் கண்ணைத் துணியால் கட்டினார். குண்டூசியை எடுத்து முதலில் கன்னத்தில் தொட்டார். "கன்னம்" என்றான். காலில் தொட்டார். "முழங்காலு" என்றான். பிறகு வெளுத்த இடத்தில் ஊசியை இறக்கினார். ஊசி நின்றது. இராமையா காத்திருந்தான்.

"குத்துங்கய்யா" என்றான். "பயப்பட மாட்டேன்."

அவன் விளையாடுகிறான் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே வண்டி வந்தது. பண்டாரவளை வரை வண்டி, அங்கிருந்து ரயில். கடலோரத்தில் எங்கேயோ, பெருநோய்க்காரர்களை வைக்க மதில் போட்ட இடம் என்றார்கள். பெண்சாதியைக் கூட ஏற விடவில்லை. அவன் பாயையும் சட்டியையும் லயத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். அவள் வண்டிக்குப் பின்னாலேயே வளைவு வரைக்கும் ஓடினாள். வண்டிக்காரன் மாட்டை விரட்டினான்.

அன்றிலிருந்து வள்ளியம்மை தினமும் கேட்டாள்.

"எரியுதா மாமா?"

"எரியுது."

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது. இராமையாவுக்கு எரியவில்லை. இவனுக்கு எரிகிறது. அப்படியானால் இது வெயில்.

நேற்றுச் சாயங்காலம், டாக்டர் வருகிறார் என்ற சேதி வந்ததும், ரெங்கசாமி வாசற்படியில் உட்கார்ந்தான்.

"போயிரலாமா புள்ள?" என்றான். "மொனராகலைப் பக்கம் காட்டு வழியா எறங்குனா யாரும் வர மாட்டாங்க. அப்புறம் ஊருக்குக் கப்பல் ஏறிரலாம்."

"ராவோட ராவா ஓடுனா, நம்மளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"இருந்து மாட்டுனா?"

"எரியுதுல்ல?"

அவன் சற்று யோசித்தான். "எரியுது" என்றான்.

"அப்பறம் என்ன? மையத் தொடச்சுப் பாக்கட்டும். ஊசிய வச்சுக் குத்தட்டும். ஆத்தாடின்னு கத்து. வுட்டுருவாங்க."

"நல்லாக் கத்துறேன்" என்றான். "பங்களா வரைக்கும் கேக்கும்."

அவர்கள் போகவில்லை.

இப்போது வளைவில் அவன் காலடி கேட்டது. எப்போதும் போல ஓட்டம்தான். பையோடு நேராக லயத்துக்கு வந்தான். பையை வாசலில் வெயிலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, தலையைப் பின்னால் சாய்த்து, செம்பை உயர்த்தித் தண்ணீர் குடித்தான். நெஞ்சு ஏறி இறங்கியது.

"பைய ஆபீசுல குடுக்கலையா?"

"கணக்கப்புள்ள சோத்துக்குப் போயிட்டாரு. தொரை டாக்டரோட வர்றாரு. பூட்டின கதவுகிட்டயா குடுக்குறது?"

பையை நிழலில் வைக்க அவள் வாரைப் பிடித்துத் தூக்கினாள். வாரின் சதுரப் பித்தளைக் கொக்கியில் விரல் பட்டது. பையை விட்டுவிட்டு விரலை வாயில் வைத்தாள்.

அவன் சிரித்தான். "தொடாத. கொள்ளிக்கட்ட கணக்கா இருக்கும். பத்தனையில வெயிலு அப்பிடி."

"வாருக்கு அடியில துணி வச்சுக் கட்டியிருந்தேனே?"

"அது காலையிலேயே பாலத்துகிட்ட காத்துல போயிருச்சு. திரும்பி ஓடவா முடியும்?"

"டாக்டர் வண்டிய பாத்தியா?"

"கடைத்தெருவுல நின்னுச்சு. குதிரைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் முந்திட்டேன். ஆனா இந்நேரம் கொய்யாத் தோப்புகிட்ட வந்திருக்கும்." குரலைத் தாழ்த்தினான். "சீக்கிரம் பூசிவுடு."

அவன் வாசலைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் சிரட்டையோடும் ஈரத் துணியோடும் பின்னால் உட்கார்ந்தாள்.

காலையில் பூசியதெல்லாம் வேர்வையில் கரைந்து கோடு கோடாக ஒழுகியிருந்தது. கழுத்தில் இல்லை. கைகளில் இல்லை. வலது தோளில் இல்லை. இடது தோளில் மட்டும் மை அப்படியே நின்றது. எப்போதும் அங்கே நிற்கும். மற்ற இடமெல்லாம் வேர்வை கொட்டினாலும் அந்த வெற்றிலை அளவு இடம் காய்ந்தே கிடக்கும். மறைக்க வேண்டிய இடத்தில் மை நிற்கிறதே என்று இத்தனை நாளும் அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

"பயமா இருக்கா?" என்றான்.

"இல்ல."

"எனக்கு இருக்கு. வழியெல்லாம் அதே நெனப்பு. ஓடுறப்பதான் கொஞ்சம் மறந்துச்சு." ஒரு மூச்சு விட்டான். "டாக்டரு சின்ன வயசுதான். தொப்பி இவ்வளவு பெருசு. அப்பவும் மூக்கு செவந்து தோலு உரிஞ்சு கெடக்கு. அவருக்கும் ஒரு செரட்டை கொழைச்சு வையி. மைய வாங்கிக்கிட்டு நம்மள வுட்டுருவாரு."

அவள் சிரிக்க முயன்றாள். கழுத்தைத் துடைத்தாள். வலது தோளைத் துடைத்தாள். பிறகு இடது தோள். வார் அழுத்திய இடத்தில் மை தடித்துப் போயிருந்தது. துணியை நனைத்து மெதுவாகத் தேய்த்தாள்.

மைக்கு அடியில் ஒரு கொப்புளம் இருந்தது.

நாலு மூலையும் சரியாக இருந்தது. நடுவில் ஒரு கோடு, கொக்கியின் முள் கிடந்த கோடு. வெளுத்த தோலின் மேல் நீர் கட்டிப் பளபளத்தது. சுற்றிலும் தோல் வெந்து சுருங்கியிருந்தது.

அவள் வாசலில் கிடந்த பையைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள். விரல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"பெரட்டு முடிஞ்சதும் ஆத்துக்குப் போயிக் குளிக்கணும்" என்றான் அவன். "நீயும் வா. தலைக்குத் தேய்ச்சுவுடு. எத்தன நாளாச்சு."

அவள் சுண்டுவிரலைக் கொப்புளத்தின் மேல் வைத்தாள்.

"நாளைக்கு அந்தப் பாலத்துகிட்ட துணியத் தேடிப் பாக்குறேன். நல்ல துணி."

விரலை அழுத்தினாள். அவன் தோள் அசையவில்லை. குரலும் மாறவில்லை. தான் எப்படிக் கேட்டு வந்தோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. எரியுதா என்பாள். எரியுது என்பான். எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சொல்லாமல் தொட்டதில்லை. முதலில் தொட்டால் துள்ளினான். அதற்குப் பிறகு எப்போது துள்ளினான்?

கடைசியாக எப்போது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொப்புளம் உடைந்தது. நீர் வெளுத்த இடத்தைத் தாண்டி முதுகில் இறங்கியது. நல்ல தோலைத் தொட்டதும் அவன் நெளிந்தான்.

"எண்ணெய ஏன் முதுகுல சிந்துற? கூசுது."

எழுந்து பின்கதவைத் திறந்தால் தேயிலை. தேயிலைக்கு மேலே பத்தனை. அதற்கு அப்பால் நேற்று அவன் சொன்ன காடு. நேற்று இரவு முழுவதும் அந்த வழி இருந்தது. இப்போது உச்சி வெயில். புல்வெளியில் ஓடும் ஆள் மூன்று மலைக்குத் தெரிவான்.

கீழே, கல் ரோட்டில், சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. நாய்கள் குரைத்தன. இராக்கம்மா தன் புருஷனைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வள்ளியம்மை சிரட்டையைத் தரையில் வைத்தாள். கட்டைவிரல் நகத்தை, தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்த இடத்தில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மாரியாத்தா, கத்தட்டும். பங்களா வரைக்கும் கேட்கட்டும். நகத்தை அழுத்தினாள். ஈரம் பட்டது. இன்னும் அழுத்தினாள்.

பெரட்டுத் தப்பு அடிக்கத் தொடங்கியது.

ரெங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு தோளையும் அவளுக்கு வாகாகப் பின்னால் தள்ளிக் காட்டினான்.

"தப்பு அடிச்சாச்சு புள்ள. இடது தோள்ல எப்பதான் கைய வைக்கப் போற?"