மாப்பிள்ளை சுட வேண்டிய மான்

என் தங்கை மகள் நெல்லாவைக் கட்டிக்கொள்ள வந்த அப்னர், வால்விஸ் பே துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன். நல்லவன், உயரமானவன், போட்டதைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறவன். அவனிடம் ஒரே ஒரு குறைதான். வாழ்நாளில் அவன் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. மான் என்ன, முயலைக்கூடச் சுட்டதில்லை. எங்கள் ரெஹோபோத் ஊர்ப் பக்கம் வேர் உள்ள ஓர் ஆண்பிள்ளை, மீசை முளைத்த பிறகும் இப்படி இருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண விருந்துக்கான கெம்ஸ்பாக்கை மாப்பிள்ளைதான் சுட வேண்டும். ஈட்டிபோல நீண்ட கொம்பு வைத்த அந்த மான் இல்லாமல் பந்தலில் யாரும் உட்கார மாட்டார்கள். பெண்ணின் அப்பா முன்னால் நடந்து வழி காட்டுவார். மாப்பிள்ளை துப்பாக்கியோடு பின்னால் போவான். தாய்மாமன், அதாவது நான், கத்தியையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு கடைசியில் போக வேண்டும். இதை யார் உண்டாக்கினார்களோ, அவர்களுக்கு மூட்டுவலி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பெண்ணின் அப்பா லூகாஸ். என் மச்சான். சத்தமில்லாமல் போய் கெம்ஸ்பாக்கின் வாலைத் திருகிவிட்டு வருவான் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை. நெல்லா அவனுக்கு ஒரே பிள்ளை. தண்ணீர் இறைக்கும் காற்றாடி நின்றுபோனால் உச்சிவரை ஏறிச் சரிசெய்கிறவள் அவள். ஆடு குட்டி போட முடியாமல் தவித்தால் கைவிட்டு எடுக்கிறவள் அவள். சாயங்காலம் அப்பனோடு சீட்டாடி, திருட்டாட்டம் ஆடி ஜெயிக்கிறவளும் அவள்தான். கல்யாணம் ஆனால் கடலோரத்துக்குப் போய்விடுவாள்.

லூகாஸ் முடியாது என்று சொல்லவில்லை. "வழக்கப்படி நடக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். வேட்டைக் காலம் சனிக்கிழமையோடு முடிகிறது. அப்னருக்கு லீவு கிடைத்ததே வியாழக்கிழமையிலிருந்துதான். அதற்குள் மான் விழவில்லை என்றால் கல்யாணம் அடுத்த குளிர்காலத்துக்குத் தள்ளிப்போகும். ஒரு வருஷத்தில் என்னென்னவோ நடக்கலாம், பெண் மனசு மாறலாம், கடலே வற்றிப்போகலாம் என்றெல்லாம் மச்சான் மனக்கோட்டை கட்டியிருப்பான் என்பது என் சந்தேகம்.

வியாழக்கிழமை விடிகாலை, தணலில் சுட்ட ரொட்டியைத் துணியில் கட்டி நெல்லா என் கையில் கொடுத்தாள். புல்லெல்லாம் உறைபனி.

"மாமா, அப்பாவைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

"மாப்பிள்ளையைப் பாத்துக்க வேணாமா?"

"அவரு பாத்துப்பாரு."

கிளம்புவதற்கு முன் அப்னரைத் தகர டப்பாவைக் குறிவைத்துச் சுடச் சொன்னோம். மூன்று கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டிய தாங்கியை நட்டு, அதன் மேல் துப்பாக்கியை வைத்துக்கொண்டான். டப்பா பறந்தது. மறுபடி வைத்தோம். மறுபடியும் பறந்தது.

"கை சுத்தமா இருக்கே!" என்றேன் நான்.

"டப்பாவுக்குக் காலு கிடையாது மச்சான்" என்றான் லூகாஸ். முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் இருந்தது. "ஏம்ப்பா மீன்காரா, தாங்கி இல்லாம சுடுவியா?"

"சுட வராதுங்க ஐயா. படகுல எல்லாமே ஆடும். கையும் அதுக்குப் பழகிப்போச்சு."

லூகாஸ் அதைக் கேட்டு வைத்துக்கொண்டான்.

வெயில் ஏறுவதற்குள் செம்மணல் மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டான் லூகாஸ். அதில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பிடி மணலை அள்ளிக் கீழே விட்டுக் காற்று போகும் பக்கம் பார்த்தான். வேட்டையில் பாதி வேலை அதுதான். காற்று மானிடமிருந்து நம் பக்கம் வர வேண்டும், நம்மிடமிருந்து அதன் பக்கம் போகக் கூடாது. மணலைப் பார்த்த லூகாஸ் எழுந்தான். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நேராக நடந்தான்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. வயசாகிவிட்டதோ என்று நினைத்தேன். கூட்டம் மொத்தமாகத் தலையைத் தூக்கியது, மூக்கைச் சுளித்தது, அடுத்த நிமிஷம் அங்கே புழுதிதான் இருந்தது.

"சனியன் புடிச்ச காத்து, சட்டுனு திரும்பிடுச்சு" என்றான் லூகாஸ்.

காலையிலிருந்து காற்று ஒரே பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அப்னர் பிடரியைத் தடவிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

மத்தியானம் இன்னொரு கூட்டம் கிடைத்தது. இந்தத் தடவை காற்றெல்லாம் சரி. வயிற்றால் ஊர்ந்து ஒரு புதர்வரை போய்விட்டோம். அப்னர் தாங்கியை நட்டான், துப்பாக்கியை ஏற்றினான், கண்ணை வைத்தான். லூகாஸ் தும்மினான். சும்மா தும்மல் இல்லை. அந்தத் தும்மலுக்குப் பக்கத்துப் பண்ணை நாயே குரைத்திருக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"தூசி" என்றான் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை காலையில் அவனுக்கு இருமல் வந்தது. மத்தியானமும் வந்தது. மான் கண்ணில் படாதவரை தொண்டை நன்றாக இருக்கும். மானைப் பார்த்ததும் கரகரக்கும். ஒரு தடவை அப்னர் புதர்ப் பக்கம் ஒதுங்கியபோது நான் லூகாஸின் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"என்ன வேலைடா இது? வேலியே பயிரை மேயுது?"

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. தும்முனே, இருமுனே. நாளைக்கு வயித்துப்போக்கு வருமா?"

"உனக்கென்ன மச்சான், உனக்கு நாலு பசங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சட்டையை விட்டுவிட்டேன். கோபம் மட்டும் போகவில்லை. நடந்தது என் முட்டிகள் அல்லவா?

அன்றைக்குச் சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினோம். வாசலில் நின்ற நெல்லா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். மிளகாய் போட்ட உப்புக்கண்டத்தை அவனுக்குப் பிடித்த மாதிரி மெல்லிசாகச் சீவி வைத்தாள்.

சனிக்கிழமை, கடைசி நாள். பிக்கப்பை வேலி ஓரம் நிறுத்திவிட்டு வெகுதூரம் நடந்த பிறகுதான் அப்னர் கேட்டான்.

"ஐயா, தாங்கி எங்க?"

லூகாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடடா! வீட்டுச் சுவத்துல சாத்தி வெச்சேன், எடுக்க மறந்துட்டேனே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான் இது. அப்னர் தலையை மட்டும் ஆட்டினான்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. தனி ஆண் கெம்ஸ்பாக். கூட்டத்தை விட்டு ஒதுங்கிய கிழடு. ஒரு வேலமரத்து நிழலில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. கொம்பு மட்டும் என் மார்பு உயரம் இருக்கும். விருந்துக்கு வருகிற எல்லோரும் சாப்பிட்டு, கட்டியும் கொண்டுபோகலாம். லூகாஸ் மணலை அள்ளினான், விட்டான், பார்த்தான். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு புறப்பட்டான்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்காததால் திரும்பிப் பார்த்தோம். அப்னர் மணலில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, களைச்சுட்டியா?" என்றான் லூகாஸ் மெதுவாக.

"காத்து பிடரியில அடிக்குதுங்க ஐயா. முந்தாநாளும் பிடரியிலதான் அடிச்சுது. எங்க ஊருல காத்து எந்தப் பக்கம்னு தெரியாதவன் படகைக் கரைக்குக் கொண்டாந்து சேர்க்க முடியாதுங்க."

லூகாஸின் முகம் கறுத்தது. "அப்ப முந்தாநாளே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் வாயைத் தொறக்கல?"

"நெல்லா தொறக்க வேணாம்னா."

லூகாஸ் என்னைப் பார்த்தான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தேன்.

"வரும்போதே சொல்லி அனுப்பிச்சா" என்றான் அப்னர். "'எங்கப்பா ஏதாவது பண்ணுவாரு. காத்து போற பக்கமே கூட்டிட்டுப் போவாரு, இருமுவாரு. ரெண்டு நாளு பண்ணட்டும், ஒண்ணும் கேக்காதே. அந்த ரெண்டு நாளு அவருக்கு நான் குடுக்குறது. மூணாம் நாளு வாய்விட்டுக் கேளு'ன்னா."

"இருமுவேன்னுகூடச் சொன்னாளா?"

"சொன்னா. தும்மல் மட்டும் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். லூகாஸும் மணலில் உட்கார்ந்தான். அப்னர் அவனை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"பொண்ணைக் குடுக்க மனசு இல்லன்னா சொல்லிடுங்க ஐயா. இப்பவே திரும்பிடலாம். பாவம், நெல்லாவோட மாமா முட்டிக்காவது ஓய்வு குடுங்க. நான் அடுத்த வருஷம் வரேன்."

"அடுத்த வருஷமும் எனக்கு இருமல் வந்தா?"

"அதுக்கடுத்த வருஷம் வரேன்."

"அப்பவும் வந்தா?"

"அதுக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் வயசாயிடும். நானே தூக்கிட்டு நடப்பேன்."

மான் அசை போட்டுக்கொண்டே இருந்தது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்த லூகாஸ், மூன்று நாளில் முதல் தடவையாகப் பிடிபட்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், எழுந்து திரும்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

எழுந்தான். மணலை அள்ளி விட்டான். "தோட்டாவைப் போடு" என்றான். "தலையைக் குனி. என் கால் வெச்ச எடத்துல கால் வை."

அதன் பிறகுதான் லூகாஸ் யார் என்பதை அந்தப் பையன் பார்த்தான். பெரிய வட்டமாகச் சுற்றினோம். மான் குனிந்தால் நகர்ந்தோம், நிமிர்ந்தால் கல்லானோம். முள் குத்தினாலும் மூச்சு விடவில்லை. கடைசிப் பகுதி முழுக்க முழங்காலில்தான். என் முட்டிகளைப் பற்றி இனி நான் பேசப் போவதில்லை. காற்று முகத்தில் அடித்தது. அதில் மானின் வாடைகூட வந்தது. ஒரு புதருக்குப் பின்னால் நிறுத்தினான். இதற்கு மேல் ஒளிய இடம் இல்லை.

அப்னர் துப்பாக்கியைத் தூக்கினான். குழாய் படகுபோல ஆடியது. மூச்சை இழுத்துப் பிடித்தான், இன்னும் ஆடியது. "முடியல" என்று உதட்டை மட்டும் அசைத்தான். தாங்கி வீட்டுச் சுவரில் சாய்ந்து சுகமாக நின்றுகொண்டிருந்தது.

லூகாஸ் அவனுக்கு முன்னால் போய் முழங்காலிட்டான். மானைப் பார்த்தபடி உட்கார்ந்து, வலது தோளைத் தட்டிக் காட்டினான்.

"ஐயா, காது—"

"வை."

அப்னர் குழாயை அந்தத் தோளில் வைத்தான். லூகாஸ் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டான். ஒரு மூச்சு விட்டால் போதும், குறி தப்பிவிடும். இருமக்கூட வேண்டாம். ஒரு பெருமூச்சு போதும், பெண் இன்னொரு வருஷம் வீட்டோடு இருப்பாள். இந்தத் தடவை யாரும் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. மானைப் பார்க்காமல் நான் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முதுகு அசையவே இல்லை.

வெடித்தது. கெம்ஸ்பாக் ஒரு துள்ளு துள்ளி, நாலு பாய்ச்சல் ஓடி, முன்னங்கால் மடங்கி விழுந்தது. அப்னர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தான். முதல் மான் விழும்போது எல்லோரும் அழுகிறார்கள், சிலர் மறைப்பார்கள். லூகாஸ் வலது காதைப் பொத்திக்கொண்டு தள்ளாடி எழுந்தான்.

"மாமா, அடி பட்டுடுச்சா?" என்றான் அப்னர். ஐயா என்பது எப்போது மாமாவாக மாறியது என்று தெரியவில்லை.

"என்ன?"

"காது வலிக்குதா?"

"ஆமா ஆமா, நல்ல மான்தான்" என்று கத்தினான் லூகாஸ்.

மானின் கண்ணை மூடினோம். முதல் தடவை வேட்டையாடுகிறவனுக்கு வழி காட்டியவர்தான் ரத்தம் பூச வேண்டும். லூகாஸ் விரலால் ரத்தத்தைத் தொட்டு, அப்னரின் நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் பூசினான். "வீடு போற வரைக்கும் கழுவக் கூடாது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். பிறகு மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். தூசி என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

பிக்கப் வாசலில் நிற்பதற்குள் என் தங்கை, பண்ணையாட்கள், விருந்துக்கு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பின்னால் கிடந்த கொம்பைப் பார்த்துச் சீழ்க்கை அடித்தார்கள். அப்னரின் முகத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். நெல்லாவும் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் அப்பாவின் பக்கம் திரும்பினாள். காதைப் பொத்தியிருந்த கையைப் பார்த்தாள். சட்டையின் வலது தோளில் குழாய் அழுந்திய அழுக்கைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, தோள் குடுத்தீங்களா?"

"என்ன?"

அவள் பக்கத்தில் வந்து அந்தத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். லூகாஸ் அவள் காதோரம் குனிந்தான். அவளுக்கு மட்டும் கேட்க மெதுவாகப் பேசுவதாகத்தான் அவனுக்கு நினைப்பு. வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"ரெண்டே நாளுதானா குடுத்தே எனக்கு? ஒரு வாரம் குடுத்திருக்கக் கூடாதாடி?"