பலகையில் மட்டும் ஏறியவன்

கடலடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பலைப் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் அந்தப் படகில் ஒரே ஒரு சட்டம்தான். கடலுக்குள் இறங்குகிறவர் தன் டோக்கனைத் தன் கையாலேயே ஸ்டியரிங் பக்கத்துப் பலகையின் இடப்பக்கம் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் தன் கையாலேயே வலப்பக்கம் மாற்ற வேண்டும். புருஷன் டோக்கனைப் பெண்டாட்டி தொடக்கூடாது, பெண்டாட்டி டோக்கனைப் புருஷன் தொடக்கூடாது. கை ஈரம், முதுகு வலி என்ற சாக்குப்போக்கெல்லாம் கேப்டன் அக்காவிடம் செல்லாது. சட்டம் போட்டவளே அவள்தான். அதை வாரம் தவறாமல் மீறிக்கொண்டிருந்தவளும் அவளேதான்.

காரணம், அவள் தம்பி. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி, மூழ்கிய கப்பலைச் சுற்றிக் காட்டுவது அவன் வேலை. தண்ணீருக்கு அடியில் அவனைப் போல் கவனமான ஆள் கிடையாது. துருப்பிடித்த அந்தச் சரக்குக் கப்பலில் எந்தக் கதவு எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று கேட்டாலும் சொல்வான். மேலே வந்துவிட்டால் அவ்வளவுதான், ஆள் மாறிவிடுவான். முதுகில் கட்டிய காற்று சிலிண்டர், தளத்தில் அதை நிறுத்தும் குழியில் 'ணங்'கென்று விழுந்த மறு நிமிடம் கீழ் அறையில் போய்ப் படுத்துவிடுவான். கரை வந்துதான் கண் விழிப்பான். வழக்கமாக வருகிறவர்கள் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர் வைத்திருந்தார்கள். டோக்கனா, அதெல்லாம் அவன் நினைவில் இருந்தால்தானே! பத்து வருஷம் திட்டித் தொண்டை வற்றிப்போன அக்கா, கடைசி சிலிண்டர் சத்தம் கேட்டதும் ஸ்டியரிங்கை விடாமலே கையை நீட்டி அவன் டோக்கனை மாற்றிவிடப் பழகிக்கொண்டாள். தம்பிதானே என்ற நினைப்பு.

அன்று ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆறு பேரும் நல்லபடியாக மேலே வந்தாயிற்று. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் கரை சேர வேண்டுமே என்று அவள் பறந்துகொண்டிருந்தாள். தம்பி ஏணிக்குப் பக்கத்தில் தண்ணீரில் மிதந்தபடியே சிலிண்டரைக் கழற்றி மேலே கொடுத்தான். ஒரு டீச்சரம்மா அதை வாங்கிக் குழியில் வைத்துவிட்டு உடை மாற்றப் போனார். 'ணங்' என்றது. அக்கா கையை நீட்டி டோக்கனை மாற்றினாள். இன்ஜினை முடுக்கினாள்.

தம்பி ஏறவில்லை. யாரோ கைதவறவிட்ட ஆரஞ்சு நிற மிதவை ஒன்று ஐம்பதடிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடித்து வர நீந்திப் போய்விட்டான். போவதற்கு முன், ஏணியருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பேங்க் மேனேஜரிடம், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மேனேஜர் அப்போது குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

நாற்பது நிமிடம் கழித்து, போர்வை எடுக்கக் கீழே போன டீச்சரம்மா வெறுங்கையோடு ஏறி வந்தார். கட்டில் காலியாக இருக்கிறதே, தம்பி எங்கே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அக்கா இன்ஜினை நிறுத்தினாள். படகில் ஒளிந்துகொள்ள எவ்வளவு இடம் இருந்துவிடப் போகிறது? இரண்டே நிமிடத்தில் தேடி முடித்துவிட்டார்கள். படகைத் திருப்பினாள். வயர்லெஸ்ஸை எடுத்துத் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள்.

அவளுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது. மீட்புப் படகு ஒன்று அந்தப் பக்கமாகவே ரோந்தில் இருந்தது. அதை உடனே மூழ்கிய கப்பல் கிடக்கும் இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் அங்கே போய்விடும், நீங்கள் பதறாமல் வாருங்கள் என்றார் அதிகாரி. அவள் மூச்சே அப்போதுதான் திரும்ப வந்தது. பத்தாவது நிமிடம் அதே அதிகாரி மறுபடி கூப்பிட்டார்.

"ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லுங்கம்மா. நீங்க அங்கேருந்து கிளம்பும்போது அவர் படகுல ஏறியிருந்தாரா, இல்லையா?"

கேள்வி நியாயமானது. ஏறியிருந்தால், வருகிற வழியில் எங்கோ தவறி விழுந்திருக்கிறான், வழி நெடுகத் தேட வேண்டும். ஏறவில்லை என்றால், விட்ட இடத்தில்தான் மிதந்துகொண்டிருப்பான். அவளுக்கு விடை தெரியும். அவன் ஏறியதை அவள் கண்ணால் பார்க்கவில்லை, சிலிண்டர் சத்தத்தைத்தான் காதால் கேட்டாள். அவ்வளவுதான். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் ஆறு பேர் இருந்தார்கள். தலையை எண்ணாமல் ஆளைக் கடலில் விட்டுவிட்டு வந்த கேப்டன் என்று ஆனால் லைசென்ஸ் போகும், படகு போகும், இருபது வருஷப் பேர் ஒரே நாளில் நாறிப்போகும். டோக்கனோ வலப்பக்கம் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"டோக்கன் ஏறின பக்கம்தான் இருக்கு சார்" என்றாள்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அயோக்கியத்தனம் அதில்தான் இருந்தது. அப்படியானால் வழியில்தான் விழுந்திருக்கிறார் என்று அதிகாரி முடிவுகட்டி, மீட்புப் படகை வழியில் தேடும்படி திருப்பிவிட உத்தரவு போட்டார். அது வயர்லெஸ்ஸில் அவள் காதிலும் விழுந்தது. கேட்டுக்கொண்டே படகை ஓட்டினாள். விழுந்திருந்தாலும் விழுந்திருப்பானே, யார் கண்டது என்று மனம் வக்கீல் மாதிரி வாதாடியது. கையென்னவோ படகை மூழ்கிய கப்பல் கிடந்த இடத்துக்கே ஓட்டிக்கொண்டிருந்தது.

அவளை உடைத்தது அந்த டீச்சரம்மாதான். பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துத் தோளில் கை வைத்தார்.

"உங்க மேல என்னம்மா தப்பு? டோக்கன மாத்திட்டு அவர்தானே போயி விழுந்திருக்கார்."

செய்யாத தப்பை அவன் தலையில் வேறு கட்டுகிறார்களே என்று அவளுக்குக் கண் இருண்டது. கட்டியது டீச்சரம்மா இல்லை, தான்தான் என்பதும் உறைத்தது. வயர்லெஸ்ஸை எடுத்தாள். ஆறு பேரும் கேட்கும்படி சொன்னாள்.

"சார், டோக்கன மாத்தினது அவன் இல்ல, நான். அவன் ஏறினத நான் பார்க்கல. அவன் அங்கேயேதான் இருக்கான்."

அதற்குள் பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது. அதுவரை வாந்தி மயக்கத்தில் சுருண்டு கிடந்த பேங்க் மேனேஜர் அப்போதுதான் வாயைத் திறந்தார். மிதவையை எடுக்கப் போகிறேன் என்று சொன்னாரே, சொல்ல மறந்துவிட்டேனே என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவர் மறந்துதான் விட்டார். அவள் எதையும் மறக்கவில்லை.

மீட்புப் படகு திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நீரோட்டம் வேறு அவனை எங்கோ இழுத்துப் போயிருந்தது. ஒன்றரை மணி நேரம் அவளும் அவர்களும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். கத்திக் கத்தி அவள் குரல் போய்விட்டது. கடைசியில் மழை விட்டதும் மீட்புப் படகுக்காரர்கள்தான் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தார்கள். மிதவையை மார்போடு கட்டிப் பிடித்திருந்தான். உயிர் இருந்தது.

துறைமுகத்து முதலுதவி அறையில் இரண்டு கம்பளிக்குள் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளிடம் வாக்குமூலம் வாங்க வெளியே அதிகாரி காத்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு வந்ததற்கு மன்னிப்பு கேட்க வாயெடுத்தாள். அவன் விடவில்லை.

"அட விடுக்கா. நீ போனதும் சிரிப்புதான் வந்துச்சு. எப்படியும் எண்ணிப் பார்ப்ப, அலறி அடிச்சிட்டு வருவன்னு தெரியும். குளிருக்குக்கூட பயப்படல." பிறகு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நடுவுல ஒரு போட் வந்துச்சுக்கா. மேல நின்ன ஆளு போட்டிருந்த தொப்பிகூட தெரிஞ்சுது. கைய ஆட்டினேன், கத்தினேன். என்னைப் பார்த்துடப் போறாங்கன்னு இருக்கும்போது திடீர்னு திரும்பிப் போயிடுச்சு. அப்பதான்க்கா அழுதேன். மிதவைய விட்டுடலாம்னே தோணிடுச்சு."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். நேரம் சரியில்லை, நம்ம ஆயுசு கெட்டி என்று நாலு வார்த்தை பேசி மெழுகியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அவள் சொன்னால் எதையும் நம்புகிறவன்.

"அவங்களா திரும்பலடா. நான்தான் திருப்பினேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"தெரியாமதானே?"

"தெரிஞ்சேதான்."

 அவள் இரண்டு கைக்குள்ளும் இருந்த தன் கையை மெல்ல உருவி, கம்பளிக்குள் வைத்துக்கொண்டான்.