ஒரு சிட்டிகை துண்ணூறு

கபாலியின் குடுமியை நான் பிடித்து இழுத்த கதையைத் திருவண்ணாமலைச் செங்கம் ரோட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் அப்பாதுரைக்குத் தோலெல்லாம் அரித்துக் கரப்பான் வந்தது. அவருடைய அண்ணன் சகாதேவன், செங்கம் ரோட்டில் கொட்டகை போட்டு வைத்தியம் பார்த்த கபாலியிடம் கூட்டிப்போனார். அந்தக் கட்டையில போறவன் பஸ்பம் கொடுத்தான். கரப்பான் போகவில்லை. வாந்தி வந்தது, பேதி வந்தது, பாதம் நெருப்பாய் எரிந்தது. கடைசியில் கால் துவண்டு மனுஷன் படுத்தே விட்டார்.

திருவண்ணாமலையில் டாக்டர் வேதாவின் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்தம்மா அவர் நகத்தில் குறுக்கே ஓடிய வெள்ளைக் கோடுகளை எங்களுக்குக் காட்டினார். மூத்திரத்தை மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் பாஷாணம் ஊறிக்கிடக்கிறது என்றார். அதைக் கவ்விப் பிடித்து மூத்திரத்தோடு வெளியே கொண்டுவரும் ஊசி ஒன்றை வரவழைத்தார். போடுவதற்கு முன் ஒரு கேள்வி.

"இவருக்கு வேர்க்கடலை ஒத்துக்குமா?"

"மல்லாட்டையாங்க? பொறந்ததுல இருந்து அதத்தான் துன்றாரு. ஏன், பத்தியமா?"

"இந்த மருந்தே கடலை எண்ணெயில கரைச்சது. ஒத்துக்காதவங்களுக்குப் போட்டா உயிருக்கே ஆபத்து. பிரஷர் பாக்கணும், மூத்திரம் சரியா இறங்குதான்னு பாக்கணும், அப்புறம்தான் ஒவ்வொரு ஊசியும். வெளி மருந்து ஒண்ணும் உள்ள போகக் கூடாது."

அடேயப்பா, அது என்ன ஊசி! உடைத்தால் அழுகின முட்டை நாற்றம். இடுப்பில் இறங்கினால் மனுஷன் மாடு மாதிரி அலறுவார். உதடு எரிகிறது என்று என்னை அறைவார். கையை நான் அமுக்குவேன், காலை மூத்தார் சகாதேவன் அமுக்குவார். ஒரு தடவை என் கையைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. "கடிச்சிக்கய்யா, பொழச்சிக்கய்யா" என்றேன்.

முதலில் வாந்தி நின்றது. அப்புறம் திரும்பவும் வந்தது. டாக்டரம்மா கத்தினார். "நான் ஒரு பக்கம் இறைக்கிறேன், யாரோ இன்னொரு பக்கம் ஊத்தறாங்க! என்ன மருந்து குடுக்கறீங்க?"

"அண்ணாமலையார் மேல சத்தியமா மருந்து ஒண்ணும் குடுக்கலீங்க" என்றார் மூத்தார். "உங்க ஊசிதான் என் தம்பியக் கொல்லுது. நாளைக்கு நான் ஊட்டுக்குக் கூட்டிம் போயிடறேன்."

குடும்பத்துக்கு மூத்தவர் வைத்ததுதான் சட்டம். அவர் தூக்கிக்கொண்டு போனால் என் புருஷன் பிணம்தான்.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன் மூத்தார் தம்பியின் நெற்றியில் துண்ணூறு பூசி, ஒரு சிட்டிகையை வாயில் போட்டார். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். எனக்குச் சுருக்கென்றது. துண்ணூறுக்கு எவனாவது முகம் சுளிப்பானா?

"எந்தக் கோயிலு துண்ணூறு மாமா?"

"கபாலி சாமி மந்திரிச்சிக் குடுத்தது. மருந்துன்னு சொன்னா பலிக்காதாம். துண்ணூறுன்னே சொல்லி வாயில போடச் சொன்னாரு."

அடப்பாவி! பொட்டலத்தைப் பிடுங்கினேன். அவர் என் முடியைப் பிடித்தார். அவர் எதிரில் உட்காரக்கூட மாட்டேன் நான். அன்றைக்கு அவரைச் சுவரோடு தள்ளினேன். நெற்றி கிழிந்தது. பொட்டலத்தோடு செங்கம் ரோட்டுக்கு ஓடினேன். ரத்தம் வழிய அவரும் பின்னால் ஓடிவந்தார்.

கபாலி கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தான். குடுமியைப் பிடித்தேன்.

"இது மருந்தா, துண்ணூறாடா?"

"து... துண்ணூறுதாம்மா."

"அப்ப நீ துன்னு!"

வாயை மூடிக்கொண்டான். முகத்தைக் கல்வத்தில் மோதினேன். பல் உடைந்து வாய் திறந்தது. பொட்டலத்தை அப்படியே திணித்தேன். என் கையை உதறிவிட்டு, தொண்டைக்குள் விரலை விட்டபடி, ரத்தமும் சாம்பலுமாய் அவன் ஆஸ்பத்திரிக்கே ஓடினான். டாக்டரம்மா காலில் விழுந்தான்.

"அப்பாதுரைக்குப் போடற ஊசிய எனக்குப் போடுங்கம்மா! செத்துடுவேன்!"

"முதல்ல வயித்தைக் கழுவணும். கேட்டவங்களுக்கெல்லாம் போடற ஊசி இல்ல இது" என்றார் அந்தம்மா.

மூத்தார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "துண்ணூறு துன்னதுக்கு எதுக்கு சாமி ஊசி?" என்றார், மெதுவாக. கபாலி டாக்டரம்மா காலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவன் விலாவில் மூத்தார் உதைத்த உதையில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொரு குத்து விடக் கையை ஓங்கியவர், ஓங்கின கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு.

"தம்பிக்குப் போட்டது போக, கையில மிச்சம் இருக்கிறத நான்தான் துன்னேன் டாக்டரம்மா" என்றார். "பிரசாதத்தக் கீழ கொட்டக் கூடாது இல்லீங்களா?"

என் புருஷன் பிழைத்தார். தடி ஊன்றியாவது நடந்தார். மூத்தாருக்கும் மூத்திரத்தைச் சோதித்துவிட்டு அதே ஊசியைப் போட்டார்கள். அவர் அலறினபோது காலை அமுக்கிப் பிடித்தது நான்தான்.