மைக்குக்கு முகம் எந்தப் பக்கம்?

வீட்டில் அவனை ரேடியோ என்று கூப்பிட்டதற்குக் காரணம் குரல் அல்ல, வாய். அணைக்க முடியாது. அவனோ அதைத் தன் குரலுக்குக் கிடைத்த பட்டம் என்றே நம்பினான். வேலை ஒரு கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவது. ஒட்டிக்கொண்டே பெட்டி மேலுள்ள முகவரிகளை ராஜா வேஷக் குரலில் வாசிப்பான். பக்கத்து மேசைக்காரர் இடம் மாற்றிக் கேட்டிருந்தார்.

அப்படிப்பட்டவன் காதில், ஒலிநூல் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று குரலுக்கு ஆள் தேடுகிறது என்ற செய்தி விழுந்தால் என்ன ஆகும்? வீட்டுக் கணினியில் ஒரு பக்கம் படித்துப் பதிவுசெய்து ஞாயிறு மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். தேறிவிட்டால் டேப்புக்குப் பெரிய கும்பிடு.

மைக் மலிவாக இருக்கணும், ஆனால் மலிவென்று தெரியக் கூடாது. சாப்பாட்டுத் தட்டோடு விமர்சன வீடியோக்களிலேயே குடியிருந்தான். எல்லோரும் ஒரே விஷயத்தை அடித்துச் சொன்னார்கள்: சத்தமுள்ள வீடா, டைனமிக் மைக் வாங்கு, வாய்க்குப் பக்கத்தில் பேசுவதைத்தான் அது எடுக்கும். அமைதியான அறையா, கன்டென்சர் வாங்கு, ஊசி விழுந்தாலும் எடுக்கும். அவன் இருந்தது அக்கா, மாமாவோடு. வீட்டில் அக்காவின் தையல் மிஷின் ஓடும். மிஷின் நின்றால் அக்காவின் வாய் ஓடும். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கன்டென்சர் வாங்கினான். முகப்பில் தங்க எழுத்தில் கம்பெனி பெயர் மின்னியது. அது போதாதா?

ஸ்டாண்டு வாங்கக் காசில்லை. மேசை விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு, வளைகிற அந்தக் கழுத்தில் மைக்கைக் கட்டினான். 'ப' சொல்லும்போது காற்று அடிக்காமலிருக்க அக்காவின் எம்பிராய்டரி வளையத்தில் ஒரு சாக்ஸை இழுத்து மாட்டினான்.

"டேய் ரேடியோ, என் வளையம் எங்கடா?"

"அது இப்ப பாப் ஃபில்டர்க்கா."

"என்ன எழவோ. யாரு சாக்ஸ் அது?"

"மாமாவோடது."

"தொவச்சதா?"

அவன் வளையத்தின் திருகை இன்னும் இறுக்கினான். மைக்குக்கு மூக்கா இருக்கிறது?

ஞாயிறு காலை மின்விசிறியை அணைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மூச்சு முட்டாமலிருக்க அறைக் கதவை மட்டும் திறந்துவைத்தான். தங்க எழுத்து தன் பக்கம் இருந்தால் வருகிறவர் போகிறவர் எப்படிப் பார்ப்பது? மைக்கை ஹாலைப் பார்க்கத் திருப்பினான். பிறகு ஒரு துப்பறியும் கதையை, கொலைகாரனே பயந்து சரணடையும் குரலில் படித்தான். போட்டுக் கேட்கவில்லை. தன் குரலைத் தானே கேட்க அவனுக்குக் கூச்சம். குரலை விற்கக் கிளம்பியவனுக்கு! அப்படியே அனுப்பிவிட்டான்.

மதியமே நிறுவனத்துப் பெண்மணி ஃபோன் செய்தார்.

"தம்பி, நீங்க எங்க உக்காந்து படிச்சீங்க? கெணத்துக்குள்ளயா?"

"இல்ல மேடம், என் ரூம்ல."

"'அவன் மெல்லக் கதவைத் திறந்தான்'னு எங்கயோ தூரத்துல ஒரு சத்தம். உடனே ஒரு லேடி, 'துணி சுருங்கல சார், நீங்கதான் பெருத்துட்டீங்க'ங்கறாங்க. ஆபீஸே சிரிச்சுது. யாரு அவங்க?"

அவனுக்குக் காது சூடானது. "அது... டிவி மேடம்."

"எந்த சேனல்? அவங்களப் புடிக்கணும்."

"...எங்க அக்கா மேடம். ஆல்டரேஷன் தைக்கிறாங்க."

"மைக்ல கம்பெனி பேரு இருக்குமே, அது எந்தப் பக்கம் இருக்கு?"

பார்த்தான். ஹாலில் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுதாம்ப்பா அதுக்கு மூஞ்சி. நீங்க முதுகுல பேசியிருக்கீங்க. திருப்பி வச்சு மறுபடி அனுப்புங்க, அக்காவும் ஒரு பக்கம் படிக்கட்டும். சாயங்காலம் ஒருத்தர முடிவு பண்ணிடறோம்."

மைக்கைத் திருப்பிப் படித்தான். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டும் பார்த்தான். கணீரென்றுதான் இருந்தது. ஜலதோஷம் பிடித்த ராஜா ஒருவர் படியில் சறுக்கி விழுந்தபடி கட்டளையிடுவது அத்தனை தெளிவாகக் கேட்டது. கிணற்றுக்குள் இருந்ததே மேல்.

அக்காவிடம் சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஹாலுக்கும் அறைக்கும் நடந்தான். தண்ணீர் குடித்தான்.

"என்னடா பூனை மாதிரி சுத்தற? வேல கெடச்சுதா இல்லியா?"

"அக்கா... உன்னயும் படிக்கச் சொல்றாங்க."

"என்னயா? இடுப்புப் பிரிக்க வேண்டிய பேன்ட்டு மலை மாதிரி கெடக்கு."

"ஒரே பக்கம்க்கா. ப்ளீஸ்."

அக்கா முதல் காரியமாகச் சாக்ஸை உருவி வெளியே எறிந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில் படித்தாள். கதையில் வரும் அந்தக் கதவை அவள் குரல் திறந்தபோது, ரேடியோவுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. இத்தனைக்கும் அந்தக் கதையை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான்!

இரண்டையும் அனுப்பினான். சாயங்காலம் பதில் வந்தது: அக்கா.

அன்று ரேடியோ யாரிடமும் பேசவில்லை. மாமா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு முதல் பதிவு. அக்கா மைக் முன்னால் உட்கார்ந்தாள். எதிரொலி வராமலிருக்க அவளுக்குப் பின்னால் இரண்டு கையாலும் போர்வையை விரித்துப் பிடித்து நின்றான் அவன். அவள் இரண்டு வரி படித்துவிட்டு நிறுத்தினாள்.

"டேய், சும்மா இருடா."

"நான் ஒண்ணுமே பேசலயேக்கா!"

"மூச்சு விடறியே. பதியுது."