கடலுக்குப் போன காரணம்

என் கணவர் மீசையை வழித்துவிட்டு வந்து நின்றபோது நான் பைக்குள் துவாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இருபத்துநான்கு வருடமாக நான் பார்த்துப் பழகிய முகம், வேலி பிடுங்கிய காணிபோல வெறுமையாக இருந்தது.

"சாருஜா சொன்னவள், மீசை இல்லாட்டிப் படத்திலை இளமையாத் தெரியுமாம்," என்றார்.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புகையிலை நாற்றுமேடையைத் தவிர வேறு எதற்கும் சிவகரன் என்கிற இந்த மனிதர் விடியப்புறம் எழும்பியதை நான் கண்டதில்லை. அன்றைக்கு நாலரைக்கே எழும்பி, முழுகி, வெள்ளை வேட்டியும் கட்டிவிட்டார். மனிதருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். வாய்விட்டுச் சொன்னால் குறைந்துவிடுமாம்.

நாங்கள் விடுமுறைக்குப் போகிறோம். இந்த வசனத்தைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சுவிஸிலிருந்து அவருடைய தங்கை சுபாஜினி, மகள் சாருஜாவோடு வந்திருந்தாள். அங்கே இலை உதிர்கிற காலத்தில் பள்ளிக்கூடத்தை மூன்று கிழமை பூட்டிவிடுவார்களாம். சண்டிலிப்பாயில் எங்கள் முற்றத்து முருங்கை நாள் தவறாமல் இலை உதிர்க்கிறது. கூட்டுகிறவளுக்கு ஒரு நாள் லீவு தந்த ஆளை நான் இன்னும் காணவில்லை. சுபாஜினி வந்த மறுநாளே காரைநகரில், கசூரினாக் கடற்கரைக்குப் பக்கத்து விடுதியொன்றில் இரண்டு அறை பதிந்தாள். ஒன்று எங்களுக்கு. இரண்டு இரவு. "மச்சாள், சமைக்கக் கூடாது, கூட்டக் கூடாது. கடல்லை குளிக்கிறதும் சாப்பிடுறதும்தான் உங்கடை வேலை," என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து கடல் அரை மணித்தியாலத் தூரம். ஆனால் தோட்டம் செய்கிற எங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு சாவு ஒன்றுதான். யாராவது செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போவோம். கொள்ளி வைத்தவர் முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டி, பிண்டத்தைக் கடலில் கரைத்து முழுகி வருவார். பெண்கள் நாங்கள் கேணியில் இரண்டு முழுக்குப் போட்டுவிட்டு வேனுக்குத் திரும்புவோம். அப்பாவுக்கு அப்படித்தான் போனேன், பிறகு மாமிக்கும் போனேன். இரண்டு தரமும் அழுதேன். அழுதுகொண்டே அந்தக் கடலில் இறங்கிக் கழுத்தளவில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்பாவின் பிண்டம் கரைகிற இடத்தைப் பார்த்து இப்படி ஆசைப்படுகிற நீயும் ஒரு பிள்ளையா என்று என்னையே ஏசியும் இருக்கிறேன். இப்போது ஒருவரும் சாகாமலே கடலுக்குப் போகிறேன். இரவு முழுக்க ஒரு பொட்டு நித்திரை இல்லை. விடிய எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தால் கண் இரண்டும் கோவைப்பழம்.

வேன் வந்து படலையில் நின்றது. வேலிக்கு அங்காலிருந்து இராசமலர் அக்கா எட்டிப் பார்த்தார். வெளிக்கிடுகிறவர்களிடம் எங்கே என்று கேட்பது சகுனத்தடை. ஆகவே எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"தூரமோ, பிள்ளை?"

"கிட்டத்தான் அக்கா. கடல் பக்கம்."

விடுமுறைக்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஐப்பசி மாதம், ஊரே தோட்டத்தில் குனிந்து நிற்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று காரைநகர்ச் சிவன் கோயிலில் ஒரு நேர்த்தி என்கிற பொய்யையும் மனதில் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. அவருடைய பார்வை என் கணவரின் மேலுதட்டில் நின்று, வேட்டிக்கு இறங்கி, மாற்றுடுப்புப் பைக்குப் போய், காலமல்லாத காலத்தில் வந்திருக்கிற சுபாஜினியைப் பார்த்து, கடைசியில் என் சிவந்த கண்ணுக்கு வந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பொறாமையாக்கும் என்று நினைத்தேன்.

பொன்னாலைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். சாருஜா ஒரு யன்னலால் தலையை நீட்ட, நாற்பத்தாறு வயதான நான் மற்ற யன்னலால் நீட்டினேன். "மழை இறங்கப்போகுது," என்றார் என் கணவர், கிழக்கே கறுத்துக் கிடந்த வானத்தைப் பார்த்து. "இறங்கட்டும். நனையத்தானே போறம்," என்றேன். நானா அப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

அறையில் பையை வைத்து, தேத்தண்ணி குடித்து, மீசையில்லாத முகத்தைச் சாருஜா பத்துப் படம் எடுத்து முடிய ஒன்பது மணியாயிற்று. நாற்றுமேடையைப் பார்க்க ஆள் விட்டிருந்ததால், போனை நான் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. செருப்பைக் கரையில் விட்டேன். முதல் அலை கணுக்காலைச் சுற்றி வந்து, உள்ளங்காலுக்குக் கீழிருந்த மணலை உருவிக்கொண்டு போனது. நான் கத்தியே விட்டேன். அந்த நேரம் போன் அடித்தது.

இராசமலர் அக்கா அழுதார். "எடி பிள்ளை, மார்க்கண்டு அண்ணையோ?"

மார்க்கண்டு கனடாவில் இருக்கிற என் கணவரின் மூத்த தமையன். நெஞ்சில் இரண்டு தரம் ஒப்பரேசன் செய்த மனிதர்.

"துக்கத்துக்குத் தாடிகூட வளக்காமல் மறைச்சுப்போட்டியளே! சுபாஜினி வந்து இறங்கேக்கையே நான் யோசிச்சனான். சனமெல்லாம் உங்கடை வாசல்லை நிக்குது. தேத்தண்ணிக்கு நான் அடுப்பு மூட்டிப்போட்டன்."

போனைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். என் கணவரின் கை தானாக மேலுதட்டைத் தடவியது. சுபாஜினி சிரித்துச் சிரித்து மணலிலேயே இருந்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"வெளிக்கிடும், போவம். கோயிலுக்கு நேர்த்தி எண்டு சொல்லும். காரைநகர்ச் சிவனுக்கு முடி குடுத்தது எண்டு சொல்லும்."

"மீசையையோ?"

"பகிடி விடாதையும், கலா. நாத்து நிக்கிற நேரம் பெண்டிலோடை கடல் குளிக்கப் போனவன் எண்டு ஊர் முழுக்கக் கதைக்கும். நான் சந்தைக்குப் போறேல்லையோ?"

அவர் சொன்னது உண்மைதான். அந்தப் பொய் எனக்கும் புதிதல்ல. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் கோயிலுக்குப் போக வேண்டும், தேங்காய் உடைக்க வேண்டும், மத்தியானத்துக்கு முதல் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பிறகு நான் இன்னொரு முறை கடலுக்கு வருவதென்றால் யாராவது சாக வேண்டும். அது நானாகவும் இருக்கலாம். அதை நினைத்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. போனைக் காதில் வைத்தேன்.

"அக்கா, ஒருத்தரும் சாகேல்லை. நாங்கள் லீவிலை வந்து நிக்கிறம். கடல்லை குளிக்க வந்தனாங்கள். ரண்டு நாள் நிண்டுதான் வருவம்!"

தூரத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். போனுக்குள்ளால் எங்கள் வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்துவதும், சனம் குசுகுசுப்பதும் கேட்டன. கதைத்தபடியே நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. குனிந்து பார்த்தால் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது.

"சும்மாவோ?" என்றார் கடைசியில்.

"ஓம் அக்கா. சும்மாதான்."

கோபம் வந்து போனை வைத்துவிடப்போகிறார் என்றே நினைத்தேன். பிறகு, பக்கத்தில் நிற்கிற சனத்துக்குக் கேட்காத மாதிரி, மிகவும் மெல்லிய குரலில் கேட்டார்.

"தண்ணி குளிருதோ, பிள்ளை?"

"இல்லை அக்கா, இளஞ்சூடு," என்றேன்.

எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் ஏறாத கடல் அது. ஆகவே முழங்காலை மடித்தேன். உப்புத் தண்ணீர் கழுத்துக்கு வந்து வாயிலும் பட்டது. முதல் மழைத்துளிகள் சுற்றிவரப் பொட்டுப் பொட்டாக விழுந்தன. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தேன். ஒரு கையால் மேலுதட்டை மறைத்து, மற்றக் கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, என் கணவர் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார், எடுத்தார், திரும்பவும் வைத்தார். தலைக்கு மேல் இராசமலர் அக்கா இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார்.